முதல் திருத்தத்தின் இன்னொரு பாதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செண்பகம் துரைராஜன் வழக்கு, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை செல்லாது என்ற தீர்ப்பு, இங்கே வெடித்த போராட்டம், பிற்பட்ட வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4) பிரிவு வந்த கதை எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் அதே திருத்தம் பேச்சுரிமையிலும் கைவைத்தது, அதற்குக் காரணமான ஒரு வழக்கும் சென்னை அரசு போட்ட உத்தரவில் கிளம்பியதுதான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லையே!

பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய இடதுசாரி வாரப் பத்திரிகை ‘கிராஸ் ரோட்ஸ்’. 1950 மார்ச் 1 அன்று, அது மாநிலத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தப் பிப்ரவரியில்தான், காலம் அப்படி. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்று அரசுத் தரப்பு சொன்னது எடுபடவில்லை. மே 26 அன்று தடை ரத்தானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், முன்பு சென்னையில் வக்கீலாக இருந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. பத்திரிகையை அச்சடிக்க விட்டுவிட்டு, மக்கள் கைக்குப் போகவிடாமல் தடுத்தால் அந்தச் சுதந்திரத்தால் என்ன பயன் என்று கேட்டது தீர்ப்பு. தடைக்கு அரசு சொன்ன பொதுப் பாதுகாப்பு என்ற சாக்கையும் ஏற்கவில்லை. சாலையில் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவதுகூட தண்டனைச் சட்டத்தில் பொதுப் பாதுகாப்பு சார்ந்த குற்றம்தான், அதற்காக அது நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் காரியம் ஆகிவிடுமா?

அடுத்த ஆண்டே 1951 ஜூனில் திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் ‘பொது ஒழுங்கு’ சேர்ந்தது, அதுவும் ஆரம்பம் முதலே அப்படித்தான் இருந்தது என்று கருத வேண்டுமாம்! கட்டுப்பாடுகள் ‘நியாயமானவையாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் கூடவே வந்ததால் கொஞ்சம் தப்பித்தோம்.

அப்புறம் ஒன்று. 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. கலவரம் வரும், சமாளிக்க முடியாது என்று ஓர் அரசு கைவிரிக்கக் கூடாது என்றது. சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம் அது. 15(4)ஐ முழுமனதோடு ஆதரிக்கிற எனக்கு அந்தப் படத்தின் கருத்தில் துளியும் உடன்பாடில்லை, ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றே சொல்வேன்.

தாப்பர் தீர்ப்பு ஒன்றும் பெரிய நீளமில்லை. அதைத் தமிழில் முழுசாக, நீதிபதி ஃபசல் அலியின் மாறுபட்ட தீர்ப்போடு சேர்த்து, அடுத்த இதழிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு