ஸ்டிக்கை விற்க வேண்டாம்

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலவேதான் இருக்கிறது. உன் போன கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குத் தணிக்கை மாதத்தைக் காரணமாகச் சொல்லலாம். நீயும் அதே தொழிலில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் அந்தச் சாக்கு உன்னிடம் எடுபடாது. இன்று மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் டிசிஎஸ் வேர்ல்டு என்ற விமானமோட்டும் கணினி விளையாட்டுக்காக நீ வாங்கிய ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை, பற்றி நேற்று இரவு அனுப்பிய செய்தியின் கடைசி வரி: “இந்த ஸ்டிக்கை மைத்துனன் மகனுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறேன்.” தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையிலாவது அதைத் தள்ளிவிடாதே.

நீ சொன்ன அறிகுறிகளை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் எஃப்-16 போர் விமானம் ஓடத் தொடங்குகிறது. சக்கரம் தரையைவிட்டு எழும்பியதும் ஒரு பக்கமாகப் புரண்டு விழுகிறது. பயந்துபோய் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாலும் புரள்வது நிற்கவில்லை. நீ அலட்சியமாக எழுதிய அந்தக் கடைசி விஷயத்தில்தான் விடை இருக்கிறது. கையை எடுத்த பிறகும் விமானம் புரள்கிறதென்றால், புரளச் சொல்லும் ஆணை உன் ஸ்டிக்கிலிருந்து போகவில்லை. அது உன் காலடியில் இருக்கும் பெடலிலிருந்து போகிறது.

டிசிஎஸ் வேர்ல்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு கருவியைச் செருகினால், அது ஸ்டிக்கா, இஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலா, பெடலா என்று விசாரித்துக்கொண்டிருக்காமல், அசைவைக் கணினிக்குச் சொல்லும் அதன் அச்சுகளில் எக்ஸ் அச்சை விமானத்தின் சாய்வுக்கும் ஒய் அச்சை மூக்கின் ஏற்ற இறக்கத்துக்கும் தானே ஒதுக்கிவிடும். கல்யாண வீட்டு வாசலில் வந்து நிற்பவர் எவரானாலும் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துப் பந்திக்கு அனுப்பிவிடும் பெரிய மாமாவைப் போன்றது அது. ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்திருப்பவனுக்கு இது பெரிய உபகாரம். செருகிய உடனே பறந்துவிடலாம். ஆனால் ஸ்டிக், த்ராட்டில், பெடல் என்று மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து செருகிய உன்னைப் போன்ற பிரபுக்களுக்கு அது வினையாக முடிகிறது. பெரும்பாலான பெடல்களில் இடது, வலது கால் பிரேக்குகள்தாம் எக்ஸ், ஒய் அச்சுகளாகக் கணினியில் பதிவாகின்றன. பிரேக்கை மிதிக்காமல் விட்டிருக்கும்போது அந்த அச்சு நடுவில் நிற்பதில்லை. ஒரு கோடியில் போய் நிற்கும். நீ பிரேக்கை விட்ட கணத்தில், ஒரு பக்கமாக முழுச் சாய்வு என்ற ஆணையை உன் காலே அனுப்பிவிடுகிறது. தரையில் சக்கரம் தாங்கிக்கொண்டிருந்தவரை தெரியாதிருந்தது எழும்பியதும் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆகவே இன்றிரவு முதல் வேலையாக ஆப்ஷன்ஸில் கன்ட்ரோல்ஸ் பக்கத்தைத் திற. மேலே விமானத்தின் பெயர் எஃப்-16 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஒவ்வொரு விமானத்துக்கும் கணக்குத் தனி என்பதால், ஒன்றில் சரிசெய்தது இன்னொன்றுக்குத் தானாகப் போகாது. பக்கத்திலுள்ள பட்டியலில் ஆக்சிஸ் கமாண்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், வரிசைகளில் விமானத்தின் செயல்களும் பத்திகளில் நீ செருகியிருக்கும் கருவிகளும் தெரியும். பிட்ச் (மூக்கின் ஏற்ற இறக்கம்), ரோல் (சாய்வு), ரட்டர் (வால் சுக்கான்), த்ரஸ்ட் (இஞ்சின் உந்துவிசை) ஆகிய ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு கட்டத்தில்தான் எழுத்து இருக்க வேண்டும். மற்றக் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, கிளியர் கொடுத்துக் காலி செய். ஸ்டிக்கைத் திருகினாலும் ரட்டர் அசையும்படி ஒதுக்கீடு இருக்கும். பெடல் இருக்கும்போது அது எதற்கு, அதையும் எடுத்துவிடு. உன் மகன் கிரிக்கெட் விளையாடுகிற கேம்பேடு கணினியில் செருகியபடியே இருக்குமானால் அதன் பத்தியையும் விட்டுவிடாதே; வாடகை கொடுக்காமல் குடியிருப்பது அதுதான். கடைசியில் பெடலின் இரண்டு பிரேக் அச்சுகளை இடது பிரேக், வலது பிரேக் என்ற வரிசைகளில் மட்டும் கொண்டுபோய்ச் சேர்.

இதைச் செய்ததும் எழும்பிப் பார்த்துச் சோதிக்காதே. ஓடுபாதையில் நின்றபடியே வலப்பக்கக் கன்ட்ரோல் விசையோடு என்டரை அழுத்து. திரையின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம் தோன்றும். ஸ்டிக் எங்கே இருப்பதாக விமானம் நம்பிக்கொண்டிருக்கிறது என்பதை அதிலுள்ள குறி காட்டும். கையையும் காலையும் எடுத்துவிட்டபின் குறி நட்டநடுவில் நிற்க வேண்டும். பெடலை மிதித்துப் பார், த்ராட்டிலை முன்னும் பின்னும் தள்ளிப் பார். அந்தக் குறி இம்மிகூட நகரக் கூடாது. இந்தப் பரிசோதனையில் தேறாத எவனும் என் சிறகோடு சிறகாகப் பறக்க வரக் கூடாது என்று நம்மோடு விளையாடும் ராமுவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உன் இரண்டாவது புகாருக்கு வருகிறேன். “விரல் பட்டாலே மூக்கு துள்ளுகிறது, இது உண்மையான விமானம்போல் இல்லை” என்று எழுதியிருந்தாய். உண்மையான விமானமும் அப்படித்தான் துள்ளியது, சேகர். 1974ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், எஃப்-16இன் முன்மாதிரியான ஒய்எஃப்-16ஐ ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்ப்பது மட்டுமே அன்றைய திட்டமாக இருந்தது. அதன் பக்கவாட்டு ஸ்டிக் அப்போது அசையவே அசையாது. கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளந்து கணினிக்குச் சொல்லும். சாய்வுக்கான உணர்திறனை அதிகமாக வைத்துவிட்டதால், விமானி திருத்தத் திருத்த விமானம் இருபுறமும் ஆடி, வால் இறக்கை ஓடுபாதையில் உரசியது. தரையில் வைத்திருப்பதைவிட எழுப்பிவிடுவதே பாதுகாப்பு என்று அந்த மனிதர் நொடியில் முடிவெடுத்து, சுமார் 6 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். முறையான முதல் பறத்தல் பிப்ரவரி 2ஆம் தேதிதான் நடந்தது. அதற்குள் தரையில் ஓடும்போது அந்த உணர்திறன் குறைவாக இருக்கும்படி மாற்றினார்கள். பின்னாளில் ஸ்டிக்கும் கைக்குத் தெரியும்படி சற்றே அசையுமாறு செய்யப்பட்டது. விமானத்தைச் செய்தவர்களே கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இப்படிப் பேரம் பேசித்தான் தீர்த்தார்கள். நீ முதல் நாளிலேயே நொந்துபோனால் எப்படி?

அந்தப் பேரத்துக்கு உனக்குக் கிடைத்திருக்கும் கருவி ஆக்சிஸ் டியூன் என்ற பொத்தானுக்குள் இருக்கிறது. அதில் நீ தொட வேண்டியது கர்வேச்சர் ஒன்றைத்தான். அதை உயர்த்தினால் நடுப்பகுதியில் ஸ்டிக் மந்தமாகும், கோடிகளில் வேகமாகும். மேசைமீது நிற்கும் ஸ்டிக் குட்டையானது. ஸ்பிட்ஃபயர் போன்ற பழைய விமானத்தின் ஸ்டிக்கோ விமானி அறையின் தரையிலிருந்து எழும்பி நிற்கும் நீண்ட தண்டு. அங்கே கை ஒரு சாண் நகர்ந்து செய்யும் வேலையை நாம் இரண்டு விரல்கடை நகர்த்திச் செய்ய வேண்டியிருப்பதால், நடுப்பகுதியை மந்தமாக்குவதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனாலும் எல்லா விமானத்துக்கும் ஒரே எண்ணைப் போடுவது மடத்தனம். எஃப்-16இல் பிட்ச், ரோல் இரண்டுக்கும் 10 அல்லது 15 போதும். ஸ்பிட்ஃபயரில் பிட்சுக்கு 20க்கு மேலும் போகலாம். ஹெலிகாப்டரில் பூஜ்யத்தை விட்டு நகராதே. ஹெலிகாப்டரில் ஸ்டிக்கை நடுவில் வைத்துப் பறப்பதே அபூர்வம். எப்போதும் ஏதாவதொரு பக்கம் தள்ளிப் பிடித்திருக்கும் கைக்கு, நடுப்பகுதியின் மந்தம் பயன்படாமல் போவதோடு, ஓரப் பகுதியின் வேகமும் தலையில் விழும். நடுவில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விடும் டெட்ஸோனை, கையை எடுத்தபின் குறி நடுங்கினால் மட்டும், 2 அல்லது 3 அளவுக்கு வை. சாச்சுரேஷன் ஒய்யைக் குறைக்கச் சொல்லி எவனாவது காணொளி போட்டிருந்தால் நம்பாதே. அதைக் குறைத்தால் ஸ்டிக்கை முழுவதும் இழுத்தாலும் விமானத்துக்கு முழு இழுப்புப் போய்ச் சேராது. ஏவுகணை துரத்தி வரும்போது அந்த மிச்ச இழுப்புக்கு எங்கே போவாய்?

பொத்தான் ஒதுக்கீட்டில்தான் எனக்கும் ராமுவுக்கும் பழைய சண்டை. அசல் எஃப்-16 ஸ்டிக்கில் இலக்கைக் குறிக்கும் டிஎம்எஸ் (TMS), திரைகளை மாற்றும் டிஎம்எஸ் (DMS) என்று இரண்டு ஹேட்டுகள், அதாவது கட்டைவிரலால் நான்கு பக்கமும் தள்ளும் பொத்தான்கள், இருக்கின்றன. அவனும் நானும் ஒரே ஒலியில் இரண்டையும் சொல்லிச் சண்டை போட்டதும் உண்டு; ஆகையால் ஒன்றை இலக்கு ஹேட் என்றும் மற்றதைத் திரை ஹேட் என்றும் எழுதுகிறேன். இவற்றோடு, விமானம் தானாகச் சாயாமல் சரிசெய்யும் ட்ரிம்முக்கு ஒன்று, ஏவுகணையை ஏமாற்றும் எதிர்ப்பு நடவடிக்கைகளுக்கு ஒன்று என்று அசலில் நான்கு ஹேட்டுகள் கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. உன்னிடம் இருப்பதோ ஒன்றே ஒன்று. ராமு சொல்வதைக் கேட்டால் அசலில் உள்ள அத்தனையையும் ஸ்டிக்கில் திணித்துவிட்டு, எது எங்கே என்று காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சுட்டு வீழ்த்தப்படுவாய். என் கட்சி எளியது: உடல் இருக்கையில் அழுந்தி, கண் எதிரியின்மேல் இருக்கும்போது செய்ய வேண்டியவை மட்டும் கைக்கு, தரைச்சக்கரம், விளக்கு, இஞ்சின் துவக்கம் போன்றவை மௌஸுக்கு. சுண்டுவிரல் படும் பொத்தானை மாடிஃபையராக அறிவித்துவிட்டால் அந்த ஒரே ஹேட் இரண்டாகிவிடும். வெறுமனே தள்ளினால் இலக்கு ஹேட், சுண்டுவிரலை அழுத்திக்கொண்டு தள்ளினால் திரை ஹேட். எதிர்ப்பு நடவடிக்கைகளை இடக்கைக் கட்டைவிரலுக்குக் கொடு. ட்ரிம்மை விசைப்பலகைக்குத் துரத்திவிடலாம். எஃப்-16இன் கணினி மூக்கைத் தானே நிலையாகப் பிடித்துக்கொள்வதால், ஒரு பக்க இறக்கையிலிருந்து மட்டும் குண்டு போய்விட்டால் ஏற்படும் சாய்வுக்குத்தான் அது பெரும்பாலும் தேவைப்படும்.

தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஹேட் வேண்டாமா என்று கேட்பாய். வேண்டாம். ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள். அலுவலகக் கூட்டங்களுக்கு நீ வைத்திருக்கும் வெப்கேமராவைக் கொண்டே அது உன் தலை திரும்புவதைக் கண்டுபிடித்து விளையாட்டுக்குச் சொல்லிவிடும். முதலில் கழுத்து வலிக்கும், பிறகு பழகிவிடும்.

ஒரு விஷயத்தை வேடிக்கையில்லாமல் எழுத வேண்டியிருக்கிறது. உன் செய்தியின் நடுவில், விளையாடி முடித்ததும் வலக்கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஸ்டிக்கின் விலைக்குத் தாவிவிட்டாய். நாள் முழுவதும் மௌஸைப் பிடித்து வேலை செய்கிற கை அது. மேசைமேல் வைத்த ஸ்டிக்கைப் பிடிக்கத் தோளைத் தூக்கி, மணிக்கட்டை மடக்கி உட்கார்ந்திருக்கிறாய் என்பது நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. ஸ்டிக்கை மேசையிலிருந்து இறக்கி, நாற்காலியின் வலப்பக்கத்தில், முழங்கை மடிந்து கைப்பிடியில் ஓய்வெடுக்கும் உயரத்தில் ஒரு பலகை அடித்து வை. எஃப்-16இல் அதை வலப்பக்கத்தில் வைத்து, கைக்கு ஒரு தாங்கியும் கொடுத்திருப்பதில் காரணம் இருக்கிறது. இவ்வளவும் செய்தபிறகும் மரப்பு நீங்காவிட்டாலோ, இரவில் அந்த மரப்பு உன்னை எழுப்பினாலோ, என்னிடம் அல்ல, மருத்துவரிடம் போ. அண்ணியிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்த வாரத்துக்குள் நீ சொல்லாவிட்டால் நான் தொலைபேசியில் சொல்லிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே.

இத்தனையையும் ஒதுக்கி முடித்தபின், சேவ்டு கேம்ஸ் கோப்புறைக்குள் டிசிஎஸ், அதற்குள் கான்ஃபிக், அதற்குள் இன்புட் என்று போய், அந்த இன்புட் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிடு. எந்தக் கருவியை எந்த யுஎஸ்பி துளையில் செருகினாய் என்பதையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிவிடு. துளை மாறினால் சில நேரங்களில் விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று நினைத்துக்கொள்ளும். டிசிஎஸ்ஸும் உன் ஒதுக்கீடுகளை ஓரம் கட்டிவிட்டு மீண்டும் தன் விருப்பப்படி எல்லாவற்றையும் பங்கிட்டுவிடும். வீட்டில் தூசி தட்டுகிறேன் என்று கம்பிகளைப் பிடுங்குகிறவர் யார் என்று நான் கேட்கவில்லை, உன் மாமனார் நலமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நானும் ராமுவும் காகசஸ் வரைபடத்தில் பதுமி விமான நிலையத்தில் காத்திருப்போம். எஃப்-16 அன்றைக்கு வேண்டாம். விளையாட்டோடு இலவசமாகவே வருகிற டிஎஃப்-51 என்ற பழைய சுழல்விசிறி விமானத்தில் ஏறி வா. அதன் இஞ்சின் சுழற்சி ஓடுபாதையில் உன்னை இடப்பக்கம் இழுக்கும். வலது பெடலை மெல்ல மெல்லக் கொடுத்து நேராக வைத்துக்கொள். பெடல் ஒதுக்கீடு சரியாகிவிட்டதா என்பது முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கோபுலெட்டிவரை கடற்கரை ஓரமாகப் போய்த் திரும்புவோம். அதற்குமுன் அந்தக் கன்ட்ரோல்ஸ் பக்கத்தை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு; ராமுவிடம் காட்டாதே, வேளைக்கொரு யோசனை சொல்லி உன்னைக் கெடுத்துவிடுவான்.

அன்புடன்,
மூர்த்தி