ஒரு வாஷர் செய்த வேலை

ஒட்டன்சத்திரம்,
கத்திரி வெயில், இரண்டாம் வாரம்

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். கண் அறுவை முடிந்தபின் அம்மா என் சட்டைக் கறையைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறார். வாத்தியார் வீட்டு மாமரத்து வழக்கு அப்படியே கிடக்கிறது.

எழுத வந்தது வண்டியைப் பற்றி. காய்க்கு இல்லாத ஏ.சி. ஓட்டுநருக்கு எதற்கு என்று நீயும் நெட்டையனும் கேலி செய்தீர்களே, அதே பிக்கப்தான்.

மார்ச் கடைசியில் ஓட்டுநர் மாரி என்னிடம் வந்து, இரவெல்லாம் ஓட்டிப் பாலக்காட்டில் காய் இறக்கிவிட்டுக் காலையில் திரும்பும்போது, பொள்ளாச்சியை நெருங்கியதும் ஏ.சி.யில் அனல் காற்று வருகிறது என்றான். நான் மண்டி வாசலில் வண்டியைக் கிளப்பிப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். விரல் விறைக்கும் குளிர். ஆனாலும் ஒரு கடையில் காட்டினேன். குளிரூட்டும் கேஸ் குறைவு என்று ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் மீண்டும் அதே புகார், வேறு கடை, மீண்டும் கேஸ். மூன்றாவது முறையும் அப்படியே. வண்டி கடையில் இரண்டு மணி நேரம் நின்று ஆறிவிடுவதால் வெளியே வரும்போது நன்றாகவே குளிரும். கேஸ் ஏற்றியதால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பினோம். நான்காம் முறை மாரி வாயைத் திறந்தபோது, ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டிவிட்டு ஏ.சி.யின் மேல் பழி போடுகிறாயா என்று மண்டி ஆட்கள் முன்னிலையிலேயே கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ கசிய வேண்டும். கசிந்த இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்காவது இருக்க வேண்டும். விளக்கு வைத்துத் தேடினேன், ஒன்றும் இல்லை. கடைக்காரர், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் ஓடாதபோது அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, இரண்டு முள்ளையும் எனக்குக் காட்டியதும் நினைவுக்கு வந்தது. 35 டிகிரி வெப்பத்தில் நிற்கும் ஆர்-134ஏ என்ற அந்தக் கேஸ், குழாய்க்குள் 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் சுமார் 115 பிஎஸ்ஐதான் காட்டும். அந்த முள் வெயிலைச் சொல்லும், அளவைச் சொல்லாது. இதை பாலிடெக்னிக்கில் நீயும் நானும் படித்திருக்கிறோம் என்பதுதான் வெட்கம்.

மறுநாள் மாரியைச் சமாதானம் செய்து, லோடு வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். திரும்பும் வழியில், அவன் சொன்ன அதே இடத்தில், காற்று சூடானது. புளியமரத்தடியில் நிறுத்தி, என்ஜின் ஓட ஓட பானெட்டைத் திறந்தேன். பெல்ட் கம்ப்ரசரின் புல்லியைச் சுற்றிக்கொண்டிருந்தது; அதன் முகப்பில் இருக்கும் கிளட்ச் தட்டு மட்டும் அசையாமல் நின்றது. மின்காந்தம் அந்தத் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைத்தால்தான் கம்ப்ரசர் ஓடும். கிளட்ச்சுக்குப் போகும் வயரில் மல்டிமீட்டரை வைத்தேன்: 13.4 வோல்ட். மின்சாரம் வந்தும் கிளட்ச் இழுக்கவில்லை என்றால் ரிலே, ஸ்விட்ச், கேஸ் எதன் மேலும் குற்றமில்லை. நீண்ட மரக்கட்டையால் தட்டை லேசாகத் தள்ளினேன். 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சுழலத் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் உள்ளே குளிர். (நீ இதைச் செய்யாதே, பெல்ட் அருகே கை போனால் விரல் மிஞ்சாது.)

காரணத்தைக் கேள், உனக்குப் பிடிக்கும். என்ஜினை நிறுத்தி, கிளட்ச் மின்காந்தத்தின் செம்புச் சுருளான காயிலின் தடையை அளந்தேன்: 4.4 ஓம். மறுநாள் காலை ஆறிய பிறகு 3.6. சூட்டில் செம்பின் தடை ஏறுகிறது, மின்னோட்டம் 3.7 ஆம்பியரிலிருந்து சுமார் 3-க்கு இறங்குகிறது. காந்தத்தின் இழுவை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடுகிறது. தட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் அந்தப் பலமே போதும். ஆனால் உள்ளே போதுமான குளிர் வந்து கம்ப்ரசர் ஒருமுறை நின்றுவிட்டால், மறுபடி இடைவெளியைத் தாண்டி இழுக்க வேண்டும், அங்கேதான் தோற்கிறது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் 0.9 மில்லிமீட்டர். பொதுவாக இது 0.3 முதல் 0.6-க்குள் இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து அகன்றிருக்கிறது.

நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்தால், உள்ளே ஷாஃப்டில், இந்த இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் வைக்கும் சின்னஞ்சிறு ஷிம் வாஷர்கள். 0.4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒன்றை உருவிவிட்டு மாட்டினேன். தட்டு உரசாமல் கையால் சுழல்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். செலவு ஒரு பைசா இல்லை. செலவெல்லாம் பழைய வைத்தியத்தைச் சரிசெய்யத்தான் ஆனது: கோவையில் கேஸை உறிஞ்சி எடை போட்டதில் 680 கிராம் வந்தது, பானெட் ஸ்டிக்கரில் இருப்பதோ 500. அரை மணி நேரம் வேக்குவம் பிடித்து (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி), எடை பார்த்து 500 மட்டும் ஏற்றினார்கள். அதிகக் கேஸ் அழுத்தத்தை ஏற்றிக் கம்ப்ரசரைத் திணறவைத்து, சூட்டையும் கூட்டியிருக்கிறது. நான் பணம் கொடுத்து நோயை வளர்த்திருக்கிறேன், முருகேசா.

அதைவிட மனத்தை அறுப்பது வேறு. இரவு முழுவதும் விழித்த கண்ணோடு, அந்த அனலில், ஐந்து வாரம் அவன் ஓட்டியிருக்கிறான். உடுமலை அருகே ஒருநாள் கண் அசந்து வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கியதாம். கிளீனர் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவன், "காயில் பழசாயிடுச்சுண்ணே, அதையும் மாத்திடலாமா?" என்று மட்டும் கேட்டான். மாற்ற வேண்டுமா, இன்னும் ஒரு கோடை தாங்குமா என்று நீ சொல்.

மல்டிமீட்டர் உன்னுடையதுதான், கடைசி செமஸ்டரில் இரவல் வாங்கியது. இனி அதைக் கேட்காதே. மாரி டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டான்.

அன்புடன்,
உன் மண்டிக்காரன்