பெரியவர்களுக்கும் ஒரு மணற்கேணி வேண்டும்

ஐயா,

வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பிரிட்டிஷ் கவுன்சிலும் பிபிசியும் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடங்கள் உண்மையிலேயே அருமையானவை. பிபிசியின் ஆறு நிமிட உரையாடலைக் கேட்டுக்கொண்டே எழுத்து வடிவத்தையும் வரி வரியாகப் பின்தொடரலாம். அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959ஆம் ஆண்டிலேயே சுமார் 1,500 சொற்களை மட்டுமே பயன்படுத்தி, வேகத்தைக் குறைத்துச் செய்தி வாசிக்கத் தொடங்கியது. காது பழகாதவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி ஏது?

ஆனால், அந்த ஆறு நிமிடப் பாடத்தில் அருஞ்சொல் விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அங்கேயே திகைத்து நின்றுவிடுகிறார். விடுதி முன்பதிவு, விமான நிலையம் பற்றிய உரையாடல்கள் அவருக்கு எதற்கு? மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டும். வங்கிப் படிவத்தைப் பிறர் கையை எதிர்பாராமல் நிரப்ப வேண்டும். மகளின் பள்ளியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்குப் பதில் எழுத வேண்டும். இவைதான் என் வகுப்பில் கேட்கப்படுபவை.

மாணவர்களுக்குப் பாடங்களைக் காணொளிகளாக விளக்கும் மணற்கேணி செயலியை 2023இல் கொண்டுவந்த பள்ளிக் கல்வித் துறை, பெரியவர்களுக்கும் தமிழ் விளக்கத்துடன் ஆங்கிலப் பாடங்களைத் தயாரிக்க வேண்டும். கிளை நூலகங்களில் மாலை வேளையில் ஒரு கணினியும் ஒலிபெருக்கியும் ஒதுக்கினால், கைப்பேசி இல்லாதவர்களும் வந்து படிப்பார்கள்.

– ஒரு தன்னார்வ ஆசிரியை, மதுரை