செயலாளர் ஆண்டறிக்கை: தார் பாலைவனப் பயணமும் சந்தா பாக்கியும்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். டெல்லியில் நம் தமிழ் சைக்கிள் சங்கம் கடந்த ஓராண்டில் செய்ததை எழுதியிருக்கிறேன். வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று நம் குழுவிலும் போடுகிறேன், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

ஞாயிறு காலைச் சவாரி, மலை மந்திர் வாசலில் ஆரம்பித்து இந்தியா கேட் வரை போய்த் திரும்புவது, 31 வாரம் நடந்தது. நவம்பரில் காற்று மாசு காரணமாக எல்லா வாரமும் ரத்து. பொங்கலை ஒட்டி மயூர் விஹாரில் பிள்ளைகளுக்கு ஸ்லோ சைக்கிள் பந்தயம் வைத்தோம். செயற்குழு ஐந்து முறை கூடியது. மூத்த உறுப்பினர் ஒருவர் ஊரோடு திருச்சிக்குப் போய்விட்டார், அவருக்குச் சால்வை போட்டு வழியனுப்பினோம்.

இனி டிசம்பரில் போன தார் பாலைவனப் பயணம். ராஜஸ்தானில் பீகானேரிலிருந்து ஜெய்சல்மேர் வரை சைக்கிளில் ஆறு நாள். இதைப் பற்றிக் குழுவில் பலவிதமாகப் பேச்சு அடிபட்டது, ரிப்பேர் செலவு ஏன் இவ்வளவு என்று மூன்று பேர் என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். அக்டோபர் முதல் இரண்டு ஞாயிறு ஜனக்புரியில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் சர்வீஸ் நாள் வைத்தேன். வண்டியைக் கொண்டு வாருங்கள், செயின் அளந்து பார்ப்போம், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திறந்து கிரீஸ் மாற்றுவோம், வீல் கோட்டம் எடுப்போம் என்று நான்கு தடவை செய்தி போட்டேன். இரண்டு நாளும் சேர்த்து வந்தது நான்கு பேர். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது ஒவ்வொருவராக விலக ஆரம்பித்து, சராய் ரோஹில்லா ஸ்டேஷனில் சைக்கிளைப் பார்சலில் போட்டு ரயில் ஏறியது ஒன்பது பேர்தான். கூட வரும் ஜீப்புக்கு 22 பேர் கணக்கில் முன்பணம் கொடுத்தாயிற்று, அதை ஒன்பது பேர் பங்கு போட்டுக்கொண்டோம். வீட்டில் விசேஷம், அலுவலகத்தில் லீவு இல்லை, எல்லாம் நியாயமான காரணங்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தால் சின்ன வண்டியாகப் பேசியிருப்பேன்.

நேர் நெடுஞ்சாலையில் போனால் பீகானேர் ஜெய்சல்மேர் சுமார் 330 கி.மீ. நாங்கள் கோலாயத், பலோதி, ராம்தேவ்ரா, போக்ரான் வரை தார் ரோட்டில் போய், அங்கிருந்து வடக்கே நாச்னாவுக்குத் திரும்பி, இந்திரா காந்தி கால்வாய் ஓரமாக மோகன்கட் வழியே ஜெய்சல்மேர் சேர்ந்தோம். எங்கள் மீட்டரில் 430 கி.மீ.க்குச் சற்று மேல். ஏன் சுற்றினீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான், நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவதற்கு ராஜஸ்தான் வரை போக வேண்டியதில்லை. பஞ்சாபில் ஹரிகேயில் பியாஸும் சட்லெஜும் சேருகிற இடத்திலிருந்து 600 கி.மீ.க்கு மேல் ஓடி வந்த தண்ணீர், இரண்டு பக்கமும் மணலுக்கு நடுவில் பச்சையாகப் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க ஓட்டினோம்.

பாலை என்றதும் எல்லோரும் மணல்மேட்டைத்தான் நினைக்கிறோம். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை என்று பள்ளியில் படித்தோமே, தார் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. கல், முள், அங்கங்கே வன்னி மரம். நம் ஊர்க் கோயிலில் சுற்றி வந்து கும்பிடுகிற அதே வன்னியை அங்கே கேஜ்ரி என்கிறார்கள், அதுதான் அவர்களின் மாநில மரம். நம் ஊர்ச் சீமைக்கருவேலமும் அங்கே ஏராளம். ஆடு மேய்ப்பவர்கள் வெட்டி வேலி போட்ட கிளை காய்ந்து ரோட்டில் சிதறிக் கிடக்கும். அப்புறம் நெருஞ்சி. முதல் நாள் கோலாயத் தாண்டி தாபா ஒன்றில் டீ குடிக்க வண்டியை ரோட்டுக்குக் கீழே இறக்கி நிறுத்தினோம், திரும்ப வந்து பார்த்தால் ஏழு டயரில் நெருஞ்சி முள். ஒரே டயரில் பதினொன்று எண்ணினேன். முள்ளைப் பிடுங்கிய இடமெல்லாம் காற்று போனது. கொண்டுபோன பேட்சில் பாதி அன்று மாலையே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் ரோட்டை விட்டு இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டேன், பஞ்சர் பாதியாகக் குறைந்தது.

பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது, நாட்டிலேயே அதிகபட்சம் என்று செய்தியில் வந்தது நினைவிருக்கும். நாங்கள் போன டிசம்பர் காலையில் அதே ஊரில் கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் கீச்சன் கிராமத்தில், மங்கோலியா பக்கமிருந்து குளிர்காலத்துக்கு வரும் கூர்ஜா கொக்குகளுக்கு ஊர்க்காரர்கள் தினமும் தானியம் போடுகிறார்கள். ஒரு மணி நேரம் அங்கே நின்றோம், ஒருவரும் பேசவில்லை.

வண்டித் தேய்மானத்துக்கு வருகிறேன். நாச்னா தாண்டி ஒரு துண்டு ரோடு, மண்ணும் சரளையும், மேலே அலையலையாக வரி விழுந்திருக்கும். வண்டிகள் வேகமாகப் போகப் போகச் சக்கரம் துள்ளித் துள்ளி விழுவதால் அந்த வரி உண்டாகிறது, பின்னால் வரும் வண்டி அதை இன்னும் ஆழமாக்கும். அதில் நான்கு மணி நேரம் ஓட்டினால் ஒரு போல்ட் மிச்சமில்லாமல் ஆடிவிடும். கேரியர் போல்ட் கழன்று விழுந்தது மூன்று வண்டியில். பின்சக்கரத்தில் கியர் பக்கம் ஸ்போக்ஸ் கம்பி உடைந்தது இரண்டு வண்டியில், சுமை முழுக்க அங்கேதான் விழுகிறது. 40 மி.மீ. டயர் கட்டாயம் என்று எழுதியும் இரண்டு பேர் 28 மி.மீ. டயரோடு வந்தார்கள், மணல் வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. அகல டயர்க்காரர்கள் காற்றழுத்தத்தை 60 பி.எஸ்.ஐ.யிலிருந்து 35க்கு இறக்கிவிட்டு மெல்ல ஓட்டியே கடந்துவிட்டோம். ஜீப்பும் தப்பவில்லை. பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்தது. டிரைவர் அண்ணன் ஏர் ஃபில்டரைக் கழற்றி டயரில் தட்டினார், ஒரு கைப்பிடி மாவு மாதிரி புழுதி கொட்டியது. அது எஞ்சினுக்குள் போனால் சிலிண்டரையே அறுத்துவிடும் என்று சொல்லி, அதன்பின் தினமும் சாயங்காலம் தட்டினார்.

செயின் விஷயத்தை இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், செலவு அங்கேதான். நல்லதென்று நினைத்து நிறையப் பேர் தினமும் செயினில் எண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெயில் மணல் ஒட்டும், ஒட்டிய மணல் ஒவ்வொரு மிதிக்கும் சாணைக்கல் மாதிரி உள்ளே அறுக்கும். பாலைவனத்தில் மெழுகு கலந்த உலர்வகை லூப்ரிகன்டைத்தான் கொஞ்சமாகப் போட வேண்டும், அதுவும் துடைத்த பிறகு. ஜெய்சல்மேர் லாட்ஜ் மொட்டைமாடியில் டிரைவரிடம் கொஞ்சம் டீசல் வாங்கி, பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, ஒரு செயினை மட்டும் ஊறவைத்துக் கழுவினேன். தண்ணீர் நிறத்தில் இருந்த டீசல் காபி மாதிரி ஆகி, அரை மணியில் தெளிந்து, அடியில் ஒரு தேக்கரண்டி சாம்பல் நிற மணல் படிந்திருந்தது. விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், இரும்புத்தூள் மினுங்கியது. டெல்லி வந்து அளந்தோம். 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினாலே மாற்ற வேண்டும். ஒன்பதில் ஐந்து செயின் அதைத் தாண்டியிருந்தன. அக்டோபர் சர்வீஸ் நாளுக்கு வந்த நான்கு பேரில் மூவர் இந்தப் பயணத்திலும் இருந்தார்கள், அவர்களுடைய செயினுக்கு ஒன்றும் ஆகவில்லை. வராதவர்களில் மூன்று பேருக்குச் செயினோடு கேசட்டும், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கும், போயிற்று, தேய்ந்த செயின் பல்லையும் தின்றுவிடும். ஜண்டேவாலான் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கியதால்தான் அந்த அளவிலாவது பில் நின்றது. இந்தப் பணத்தைச் சங்கத்திலிருந்து கொடுத்தது என் முடிவு, தலைவரைக் கேட்டுத்தான் செய்தேன். சங்கத்தின் பெயரில் போன பயணத்தில் உடைந்ததை அவரவர் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக வந்திருக்கிறது, சிறிய துண்டு விழுந்ததைச் சென்ற ஆண்டு இருப்பில் ஈடுகட்டினோம். விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். அந்தத் துண்டு எப்படி விழுந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். உறுப்பினர் 64 பேர், ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய், இந்த அறிக்கை எழுதும்வரை கட்டாதவர்கள் 27 பேர். அந்த 27 பேரும் கட்டியிருந்தால் செயின் செலவு போக ஒரு நல்ல பம்பும் வாங்கியிருக்கலாம். யார் யார் என்று எழுதப்போவதில்லை. கஷ்டத்தில் இருப்பவர்கள் எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது என்னோடு இருக்கும். மறந்தவர்களிடம்தான் கேட்கிறேன்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பந்தயத்துக்குப் பரிசு வாங்கித் தந்த ஆர்.கே.புரம் அன்பர், விடிகாலையில் இட்லி கட்டிக் கொடுத்தனுப்பிய கரோல்பாக் அக்கா எல்லோருக்கும் நன்றி. ஜீப் டிரைவர் அண்ணனுக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டு கட்ச் போகலாம் என்று பேச்சு இருக்கிறது, புஜ்ஜிலிருந்து காவ்டா வழியாகத் தோலாவிரா. எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே மணலோடு உப்பும் சேர்ந்துகொள்ளும், செயினும் போல்டும் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். சங்கத்துக்கென்று ஒரு டூல் பெட்டி, செயின் அளக்கும் கேஜ், உதிரி ஸ்போக்ஸ் கம்பி, நான்கு செயின் முன்கூட்டியே இல்லாமல் நான் இன்னொரு பயணத்துக்குப் பொறுப்பேற்கமாட்டேன். நான்கு வருஷமாகச் செயலாளராக இருக்கிறேன், இளையவர் யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். வராவிட்டால் நானே தொடர்கிறேன், ஆனால் சர்வீஸ் நாளுக்கு வராத வண்டிக்கு ரயிலில் பார்சல் போடமாட்டேன்.

இந்த ஆண்டும் அக்டோபர் முதல் இரண்டு ஞாயிறு, காலை ஏழு மணி, அதே ஜனக்புரி பார்க்கிங். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேயே இருப்பார். டீயும் சுண்டலும் எங்கள் வீட்டிலிருந்து வரும்.

இப்படிக்கு,
செயலாளர்