தட்டில் தெரிந்த வளையங்கள்

தண்டையார்பேட்டை,
சென்னை-81.

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேத்திக்கு முதல் பல் முளைத்த செய்தியை ஒரு வரியில் எழுதிவிட்டு, வாங்கி ஒன்றரை ஆண்டுகூட ஆகாத உன் கறுப்புக் காரின் பானட்டில், பெட்ரோல் பங்க் விளக்கின் கீழே நின்றபோது, சிலந்தி வலை பின்னியதுபோல் வளையம் வளையமாகக் கீறல்கள் தெரிந்ததை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். தங்கை இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் உன்னைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. என் நீல வண்டியில் இதே கீறல்களோடு மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் நான். அதில் கெடுத்ததும் உண்டு, கற்றதும் உண்டு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவை வளையங்களே அல்ல. வீட்டில் நாள்தோறும் தேய்த்துக் கழுவும் எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நின்று பார். சூரியன் பட்டுத் தெறிக்கும் புள்ளியைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். தட்டைச் சற்று நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகரும். கீறல் எங்காவது நகருமா? தட்டில் இருப்பவை எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும் நுண்ணிய கோடுகள்தாம். அவற்றுள் ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால், விளக்கைச் சுற்றி யாரோ கோலம் போட்டதுபோல் தோன்றுகிறது. ஆகையால் யாரோ வட்டமாகத் துடைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நீ சந்தேகப்படுவதில் பொருளில்லை. நாலாபக்கமும் நேராகத் துடைத்திருந்தாலும் இப்படியேதான் தெரியும். டியூப்லைட்டின் பரந்த வெளிச்சத்தில் இவை ஒளிந்துகொள்ளும். வெயிலிலும் கைப்பேசி டார்ச்சிலும் வெளியே வந்துவிடும். வெள்ளை வண்டிக்காரர்கள் நிம்மதியாக உறங்குவது, அவர்கள் வண்டியில் கீறல் இல்லாததால் அன்று; இருப்பது தெரியாததால்.

இந்தக் கீறல்கள் எப்படி விழுகின்றன என்பதற்கான பதில் உன் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் வாட்ச்மேன் தினமும் காலையில் வண்டியைத் துடைத்து வைப்பதாகவும், அதற்கு மாதாமாதம் பணம் கொடுப்பதாகவும் பெருமையாக எழுதியிருக்கிறாயே, அந்தத் துடைப்புதான் காரணம். எங்கள் தெருவிலும் ஒருவர் வருகிறார்: ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, பன்னிரண்டு வண்டி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வராத நாட்களில் நானே பழைய பனியனால் வறட்டுத் துடைப்பு துடைத்தவன்தான். நம் பக்கத்துத் தூசியை நீ மறந்திருக்க மாட்டாய். ராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரித்தூள் படிந்துவிட்டதென்று உன் அம்மா திட்டிக்கொண்டே உதறுவார்களே, அது துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூள். 2011-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்று, நிலக்கரி வேலை எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண்ணும், காசிமேட்டுக் கடற்காற்றின் உப்பும் இரவோடு இரவாக வண்டியின்மேல் ஒரு படலமாகப் படிந்துவிடும். மண்ணில் இருக்கும் சிலிக்கா, பெயின்டைவிட மிகக் கடினமானது. அதன்மேல் உலர்ந்த துணியை வைத்து இழுக்கும்போது, நாம் துடைப்பதாக நினைத்துக்கொண்டு உப்புத்தாள் போடுகிறோம். நீ இருக்கும் திருச்சியில் கரித்தூள் இல்லாமலிருக்கலாம். காவிரி மணல் இருக்கிறதல்லவா?

உன் அப்பாவின் அம்பாசடரை நாம் இருவரும் ஒரு தீபாவளிக்கு முன்பு, பெயின்டை அராவும் பசையான ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தது நினைவிருக்கிறதா? துணியெல்லாம் வண்டியின் நிறமாகிவிட்டது. நம் சட்டைகளும் தப்பவில்லை. அந்தக் காலத்துப் பெயின்டில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில் இருந்ததால், தேய்த்தால் நிறமே கழன்று வரும். இன்றைய வண்டியில் தகட்டின்மேல் துரு தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். அடுக்குகள் அனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான், அதாவது நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. நீ பார்த்த கீறல்கள் இந்த மேலடுக்கில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் 'நீக்குவதில்லை'. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துக் குறைக்கிறார்கள், அவ்வளவே. ஒருமுறை காம்பவுண்ட் போட்டால் சில மைக்ரான்கள் போய்விடும். போனது திரும்பி வராது. ஆண்டுதோறும் தீபாவளிக்குப் பாலிஷ் போடலாமா என்று நீ கேட்டதற்கு என் பதில், கூடாது என்பதுதான்.

பாலிஷ் போடும் கடையில் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் ஆண்டில் ஒரு கடையில் விட்டேன். மாலையில் திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடி போலிருந்தது. மூன்றாவது முறை கழுவியபோது பழைய கீறல்கள் அத்தனையும் திரும்பி வந்தன, கூடவே வெயிலில் மட்டும் தெரியும் அலையலையான நீண்ட தடங்களும் புதிதாகச் சேர்ந்திருந்தன. எண்ணெய்ப் பசையுள்ள ஏதோ ஒன்றால் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கிறார்கள். வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேட் போட்டு அவசரமாக இழுத்ததால் வந்தவை அந்த அலைகள். எனவே எந்தக் கடையில் கொடுத்தாலும், பாலிஷ் முடிந்தவுடன் மெழுகு போடுவதற்கு முன், அந்த எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஓரிடத்தைத் துடைத்துக் காட்டச் சொல். அப்போதும் கீறல் தெரியாவிட்டால்தான் வேலை நடந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு நானே பாலிஷ் போடும் ஒரு டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்கினேன். இது சுழன்றுகொண்டே அச்சு விலகி ஆடுவதால் சூடு ஓரிடத்தில் சேராது. நம்மைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு ஏற்றது. வெயில் ஏறுவதற்கு முன், வீட்டின் கீழ்த்தளத்தில், வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் வேலை செய்வேன்.

பாலிஷைவிட அதற்கு முந்தைய சுத்தம்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகும், பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார்த்தால் ரவையைத் தொட்டதுபோல் நறநறக்கும். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், சக்கரமும் தண்டவாளமும் உரசித் தெறிக்கும் இரும்புத் துகள் என் வண்டியில் ஏராளம். பிரேக்கிலிருந்து வரும் துகளும் அதோடு சேரும். இதற்கென்று உள்ள அயர்ன் ரிமூவரைத் தெளித்துவிட்டுக் காத்திருந்தால், இரண்டு மூன்று நிமிடத்தில் அங்கங்கே ஊதாப் புள்ளிகள் தோன்றி, கண்ணீர் வடிவதுபோல் கோடுகோடாக இறங்கும். அழுகிய முட்டை நாற்றம். முதல் முறை என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று கேட்டாள். அது காய்வதற்குள் நன்றாகக் கழுவிவிட வேண்டும். மிச்சத்தைக் களிமண் போன்ற கிளே பாரால், சோப்புத் தண்ணீர் வழவழப்பில் மெதுவாகத் தேய்த்து எடுப்பேன். அது கைதவறித் தரையில் விழுந்தால், எவ்வளவு விலையானாலும் எறிந்துவிடு. ஒட்டிய ஒரு மணல் போதும். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் தெரு போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் நின்றுவிடுகின்றன. அதனால் இரண்டு குடம் மெட்ரோ வாட்டர் தனியாக எடுத்து வைப்பேன்.

ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு டேப் ஒட்டிவிட்டு, முதலில் பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் சோதித்துப் பார். மென்மையான ஃபோம் பேடில் மெல்லிய பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெஷினைப் பாதி வேகத்துக்குச் சற்று மேலே வைத்து, நத்தை ஊர்வதுபோல் நெடுக்கில் இரண்டு முறை, குறுக்கில் இரண்டு முறை. துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார். கீறல் பத்தில் எட்டு போயிருந்தால் அதுவே போதும். முழு வண்டியையும் அப்படியே முடித்துவிடு. போதவில்லை என்றால் மட்டும் காம்பவுண்டுக்குப் போ. பத்துக்குப் பத்தும் போக வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு விலை கிளியர் கோட். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் கீறல் எதையும் தொடவே தொடாதே.

அந்தப் பிடிவாதத்தால்தான் நான் பட்டேன். பானட்டின் நடுவே மடிப்பாக ஓடும் கோட்டில் ஒரு சிறு கீறல் இருந்தது. அதையும் எடுத்துவிட வேண்டும் என்று அழுத்தியபோது, மஞ்சள் ஃபோம் பேடில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலக் கறை தெரிந்தது. என் நெஞ்சில் ஒரு குளிர். வெள்ளையாகத்தான் வர வேண்டும். நீலம் வந்தால் மேலடுக்கு போய், நிறத்தைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். மடிப்புகளிலும் ஓரங்களிலும் அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டில் குவிவதால் பூச்சு விரைவில் தேய்ந்துவிடுகிறது. இன்றும் அந்த இடம் மங்கலாகவே இருக்கிறது. மீண்டும் பெயின்ட் அடிக்காமல் சரியாகாது. இப்போதெல்லாம் மடிப்புகளின்மேலும் டேப் ஒட்டிவிடுகிறேன்.

பெயின்டின்மேல் பூசும் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சைப் போட்டால் கீறலே விழாது என்று உன்னிடம் ஒருவர் சொன்னாராமே. 9எச் என்று அவர்கள் சொல்வது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். கனிமங்களின் கடினத்தை அளக்கும் வேறோர் அளவுகோலில் வைரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் எண் என்று நினைத்துவிடாதே. தண்ணீர் உருண்டோடும், கழுவுவது எளிதாகும், அதற்காகப் போடலாம். ஆனால் கீறலோடு போட்டால் கீறல்களும் அதன் கீழேயே இருக்கும். போட்ட மறுநாள் வறட்டுத் துணியால் துடைத்தால் புதியனவும் விழும்.

வாட்ச்மேனுக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்தாதே, பாவம். கண்ணாடிகளையும் சக்கரங்களையும் மட்டும் துடைக்கச் சொல். வாரம் ஒருமுறை நீயே இரண்டு வாளி வைத்துக்கொள்: ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பூவில் முக்கு. மேலிருந்து கீழே வா. கதவுகளின் அடிப்பகுதிதான் கடைசி. உலர்த்தும்போது துண்டை விரித்து ஒற்றி எடு, இழுக்காதே.

அடுத்த மாதக் கல்யாணத்துக்கு வண்டியிலேயே வருவதாக எழுதியிருக்கிறாய். இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேர். புதிய பேட் நான்கும் பாலிஷும் வாங்கி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தடிமன் பார்க்கும் மீட்டரும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது தகட்டில்தான் அளவு காட்டும், பிளாஸ்டிக் பம்பரில் காட்டாது. பம்பரை நம் பழைய நிதானத்தில் பார்த்துக்கொள்வோம். வழியில் விக்கிரவாண்டியிலோ செங்கல்பட்டிலோ நிறுத்தி வாட்டர் சர்வீஸ் விட்டுவிடாதே, கவரும் போடாதே. அழுக்கோடே ஓட்டிக்கொண்டு வா.

உன்,
பழைய ராயபுரத்து நண்பன்.