ஒற்றை ஹா

அன்புள்ள அம்முவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் 'ம்' என்று வரும், அதனால் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

நீ 555 என்று அனுப்பியதை, ஓடிபியில் பாதிதான் வந்திருக்கிறது என்று பதறி நடுராத்திரியில் போன் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? தாய்லாந்து மொழியில் ஐந்துக்கு 'ஹா', மூன்று ஐந்து சேர்ந்தால் ஹாஹாஹா என்று நீ சொல்லி முடிப்பதற்குள் உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பாதி புரியவில்லை. அன்று பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை. ஜப்பானில் சிரிப்புக்கு 'வராய்' என்று பேராம். அதன் முதல் எழுத்தை ஆங்கில டபிள்யூவாக வரிசையாகத் தட்டுகிறார்கள். அது புல் முளைத்த மாதிரி தெரியப்போய், இப்போது சிரிப்பு வந்தால் 'புல்' என்றே எழுதுகிறார்கள்! நம் ஐயோ கூட 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. இந்த வீட்டில் போட்ட ஐயோக்களுக்கு எப்போதோ ஏறியிருக்க வேண்டும் என்கிறாள் அம்மா.

கொரிய மொழியில் 'க்' எழுத்தை அடுக்கினால் சிரிப்பு. ஒன்றே ஒன்று போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரியாம். அதைப் படித்ததும் நம் வாட்ஸ்அப்பை மேலே தள்ளிக்கொண்டே போனேன். போன வருஷம் ஒரே செய்தியில் பதினோரு ஹா. இந்த மாதம் முழுக்க ஒற்றை ஹா. வேலை அதிகமாக இருக்கும். சரி.

நாலு தேசத்து ஆட்களை வைத்து வேலை வாங்குகிறாள் என் பெண் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அத்தனை பேரோடும் பேச நேரம் இருக்கிறது, அப்பாவுக்கு இரண்டு நிமிஷம் இல்லை. அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது நகையை, அதாவது சிரிப்பைத்தான் முதலில் வைத்தார். அழுகை அதற்கு அடுத்துதான். இதையெல்லாம் படித்த நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? நீ பத்தாம் வகுப்பு. கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். 'பொம்பளை சிரிச்சா போச்சு' என்று கத்தினேன். புகையிலை வரைக்கும் முழுசாகச் சொன்னேன். வந்தவர்கள் சிரித்தார்கள். நீ நிறுத்திவிட்டாய்.

அதற்கப்புறம் சிரிப்பு வந்தாலே உன் கை வாய்க்குப் போய்விடுகிறது. பட்டமளிப்புப் போட்டோவிலும் அப்படித்தான். அதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. தப்பு என்னுடையது அம்மு.

அம்மா ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எழுத வேண்டாம், பேசு. சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன், அது உனக்கே தெரியும். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா