சமையல் காஸ் மேல் உள்ள வற் வரியை எடுத்துவிடுங்கள்

மாண்புமிகு நிதி அமைச்சர் அவர்களுக்கும் யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2024 ஜனவரியில் வற், அதாவது பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்து அறவிடும் பெறுமதி சேர் வரி, 15 வீதத்திலிருந்து 18 வீதமானதும், அதுவரை வற் இல்லாதிருந்த சமையல் காஸும் டீசலும் அதற்குள் வந்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல. நாடு வங்குரோத்தாகிக் கிடந்த நேரம், சரி, பொறுத்தோம். இன்னும் எவ்வளவு காலத்துக்கு?

போன கிழமை பக்கத்து வீட்டில் காஸ் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை வெங்காயத் தோட்டங்களில் களை பிடுங்கி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள். மாரியில் தோட்ட வேலையும் இல்லை. சிலிண்டர் மாற்றக் காசு சேராததால் திரும்பவும் விறகடுப்புத்தான். மழையில் ஊறின பனம்மட்டை லேசில் பற்றாது. விடியமுன் எழும்பிப் பன்னாடையைக் கொளுத்தி, ஊதி ஊதி, கண் சிவக்கப் பிட்டு அவிக்கிறாள். சின்னவனுக்கு இழுப்பு. புகை படாமல் இருக்க அவனைத் திண்ணையில் போர்த்தி இருத்திவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறாள்.

வரியோடு 4,000 ரூபா கொடுத்து வாங்கும் பொருளில் ஏறக்குறைய 610 ரூபா வற். அது அவளுக்குச் சின்னக் காசு இல்லை.

மாதம் 1,50,000 ரூபா வரை உழைப்பவர் வருமான வரி கட்டத் தேவையில்லை என்று 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். நல்லது. அந்தத் தொகையைக் கனவிலும் காணாதவளிடம் அடுப்படியில் வைத்து 18 வீதம் வாங்குவது எந்த ஊர் நியாயம்? பெரிய வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் ஒரே வீதம். அதனால்தான் கேட்கிறோம், சமையல் காஸ் மேல் உள்ள வற்றை எடுத்துவிடுங்கள்.

காஸோடு முடிந்தாலும் பரவாயில்லை. சவர்க்காரத்திலும் வரி, பிள்ளையின் சப்பாத்திலும் வரி, ஏ9 வீதியால் சாமான் ஏற்றிவரும் லொறியின் டீசலிலும் வரி. எங்கள் ஊர்க் கடைக்காரர் வற்றுக்குப் பதிந்தவர் இல்லை, அவர் தரும் துண்டில் வரி என்று எதுவும் இராது. ஆனால் மொத்தக் கடையில் அவர் கட்டிய வரி விலைக்குள்ளேயே இருக்கிறது, அவரால் அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. விலை ஏன் ஏறியது என்று சனம் அவரோடுதான் சண்டை பிடிக்கிறது. தேர்தல் மேடைகளில் அத்தியாவசியப் பொருட்களின் வரியைப் பற்றி எவ்வளவு பேசினீர்கள்! கேட்டுக்கொண்டு நின்றவர்களில் நாங்களும் இருந்தோம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் வற்றை நீக்கினீர்கள், அதற்கு நன்றி. மனம் வைத்தால் நீக்கலாம் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் சமையல் காஸையும் அப்படி விலக்கிவிடுங்கள் என்று தயவாகக் கேட்கிறேன். எங்கள் மாவட்ட உறுப்பினர்களே, இதைச் சபையில் எழுப்புங்கள். காஸுக்கு வரி வேண்டாம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண் ஒருத்தி